ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு சுட்ட மீன்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகல் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, பிள்ளை மடுவத்தில் இருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பல வீடுகளில் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகையால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அந்த ராத்திரி அடுப்பைப் பற்றித்தான். மீனைத் தணலில் சுட்டு, கீரையும் மரக்கறியும் நிறைய வைத்து, ரொட்டியை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிற ஒரு சாப்பாடு. மாச்சத்துக் குறைந்த சாப்பாடு என்று டாக்டர்மார் சொல்வது இதைத்தான். முக்கியமாக, சீனி வருத்தம் உள்ள ஆள் ஒருவராவது இருக்கிற வீட்டுக்கு இது மிகவும் தேவை.

சீனி வருத்தம் யாருடைய வியாதி?

முன்பெல்லாம் இதைப் பணக்கார வியாதி என்று சொல்வார்கள். "மலை ஏறி இறங்குற நமக்கு எங்க சீனி வரப்போகுது" என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். அந்தக் காலம் போய்விட்டது. இன்றைக்கு இலங்கையில் வளர்ந்த ஆட்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் குறையாமல் இந்த வருத்தம் இருக்கிறது. அதில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், காரணம் இல்லாத களைப்பு, மெலிவு என்று வந்தால்தான் சந்தேகப்படுகிறோம். ஒன்றும் காட்டாமலே பல வருடம் உடம்பில் இருந்துவிடவும் கூடும்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. சீனி கூடிக்கொண்டே போனால் கால் நரம்பு மரத்துப்போகும். அட்டை கடித்தாலும் தெரியாது, மிலாறு குத்தினாலும் தெரியாது. செருப்புக்குள் கல் கிடந்து தேய்த்தாலும் உணர்ச்சி இருக்காது. சின்னப் புண் பெரிசாகி, ஆறாமல் அழுகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வருகிறது. கால் போனால் மலைக்குப் போக முடியாது. மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, சம்பளமும் இல்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் கூட இந்த வருத்தம் இதே மாதிரி சத்தம் இல்லாமல் கெடுக்கும்.

இதைத் தடுக்கக் குளிசை இருக்கிறது, ஊசி இருக்கிறது, கிளினிக் இருக்கிறது. ஆனால் குளிசை ஒரு பக்கம் இழுக்க, சாப்பாடு மறு பக்கம் இழுத்தால் சீனி இறங்காது.

ரொட்டியின் கணக்கு

ரொட்டியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. விடியக்காலையில் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்குக் கையில் எடுத்துக்கொண்டு போக, பசி தாங்க, ரொட்டியையும் சம்பலையும் போல வேறு என்ன இருக்கிறது? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி கிடந்ததை நம் தாத்தா, பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். 2022 ஆம் ஆண்டு மாவு விலை ஏறினபோது நாமும் பட்டோம். ஆகவே ரொட்டியின் அருமை நமக்குத் தெரியும்.

ஆனால் கணக்கையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு கிலோ கோதுமை மாவில் பத்து ரொட்டி தட்டினால் ஒரு ரொட்டிக்கு 100 கிராம் மாவு. அந்த 100 கிராமில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து. மாச்சத்து வயிற்றுக்குள் போனதும் கரைந்து சீனியாகத்தான் இரத்தத்தில் சேரும். ஒரு தேக்கரண்டி சீனியை 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ரொட்டி 15 கரண்டி சீனிக்குச் சமம். மூன்று ரொட்டி சாப்பிட்டால் 45 கரண்டி. "நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறதில்ல, ஆனா சீனி மட்டும் இறங்க மாட்டேங்குது" என்று சொல்கிற அண்ணன்மார் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சோறும் அப்படித்தான். சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் அளவு மாச்சத்து இருக்கிறது. கிழங்கு, மரவள்ளி, பலாக்கொட்டை, சோளம் எல்லாம் இதே கூட்டம். குரக்கன் ரொட்டி என்றால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குரக்கனிலும் மாச்சத்துக் குறைவில்லை. நார்ச்சத்துக் கூட இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

பகலில் மலை ஏறுகிறவருக்கு மாச்சத்து வேண்டும். வேலை செய்யும்போது உடம்பு அதை எரித்துவிடும். ராத்திரியில் அப்படி இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறோம். அதனால்தான் காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, ராத்திரியில் முதலில் குறைத்துப் பாருங்கள் என்கிறோம்.

மீன் துண்டு யாருக்கு?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பச்சையாகப் பேச வேண்டி இருக்கிறது.

கிளினிக்கில் ஒரு அம்மாவிடம் "ரொட்டியைக் குறையுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த அம்மா வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைக்கிறாள். நல்ல துண்டு வீட்டுக்காரருக்கு, மற்றத் துண்டுகள் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும். கடைசியில் அவள் உட்காரும்போது சட்டியில் இருப்பது குழம்பு மட்டும். அந்தக் குழம்பைத் தொட்டுக்கொள்ள மூன்று ரொட்டி வேண்டித்தானே இருக்கும்? "எனக்கு மீன் அவ்வளவு பிடிக்காது" என்று அவளும் சொல்லிவிடுவாள். நாமும் அதை நம்பிவிடுவோம்.

ரொட்டியைக் குறைத்து, அந்த இடத்தில் வேறு ஒன்றும் தட்டில் வைக்காவிட்டால் அதற்குப் பேர் பட்டினி. பட்டினியோடு யாரும் பத்து நாளைக்கு மேல் பத்தியம் இருக்க மாட்டார்கள். விடியக்காலையில் பசியில் இன்னும் இரண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டுவிடுவார்கள். மீனில் இருக்கும் புரதம் பசியைத் தாங்கும். மாச்சத்து அதில் இல்லை. 100 கிராம் மீன் சதையில் 20 கிராம் அளவு புரதம் இருக்கிறது. ஆகவே சீனி வருத்தம் உள்ளவர் யாரோ, அவருக்கு முழுத் துண்டு போக வேண்டும். அது அம்மாவாக இருந்தால் அம்மாவுக்கு.

நாங்கள் சுட்ட மீனைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். குழம்பில் கரண்டி போகிற பக்கம் துண்டு போகும். சுட்ட மீனில் அந்தக் கதை இல்லை. ஆளுக்கு ஒன்று என்று எண்ணித்தான் வைக்க முடியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. குழம்பு என்றால் தொட்டுக்கொள்ளச் சோறு, ரொட்டி கூட வேண்டும். சுட்ட மீனைக் கீரையோடு சும்மாவே சாப்பிடலாம்.

என்ன மீன், எப்படி வாங்குவது?

விலை கூடின மீன் வேண்டும் என்று இல்லை. மீன்காரர் பெட்டியில் மலிவாகக் கிடைக்கிற சாலயா, உருல்லா, லின்னா போதும். சாலயா, கும்பளாவ போன்ற மீன்களில் இருக்கும் கொழுப்பு இதயத்துக்கு நல்லது. கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களின் பக்கம் இருக்கிறவர்களுக்குத் திலாப்பியா கிடைக்கும். 1952 ஆம் ஆண்டு வெளிநாட்டில் இருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்ட மீன் அது. சதை கெட்டி, பெரிய முள், சுடுவதற்கு நல்ல வாகு.

கடல் மீன் நம் மலைக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் பார்த்து வாங்க வேண்டும். கண் தெளிவாக, குழி விழாமல் இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் சதை திரும்பி எழும்ப வேண்டும். பெட்டியில் ஐஸ் இருக்க வேண்டும். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்த மீன் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், பலயா, கெலவல்லா, கும்பளாவ, சாலயா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஒருவித நஞ்சு உண்டாகும். சுட்டாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும், வாந்தியும் வரும். மீனை வாயில் வைத்ததும் நாக்கில் காரம் போலச் சுரீர் என்றால் துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

காலையில் வாங்கிய மீனைப் பெரட்டு அவசரத்தில் அடுப்படியில் வைத்துவிட்டு, அந்தியில் வந்து சுடலாம் என்று நினைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடு என்றால் சரி. இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் அப்போதே கழுவிச் சமைத்துவிட வேண்டும். சுடுவதற்கு என்றால் பின்னேரம் வரும் மீன்காரரிடமோ, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்த் திரும்பும் நேரத்திலோ வாங்குவதுதான் நல்லது.

செய்யும் முறை

ஐந்து பேருக்கு ஒரு கிலோ மீன் வாங்கினால் போதும். தலை, முள் போக ஆளுக்கு நூறு கிராம் அளவு சதை வரும்.

தேவையானவை: மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுதூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஐந்து பல்லு வெள்ளைப்பூண்டு, பெருவிரல் நுனி அளவு இஞ்சி, ஒரு நெட்டுக் கருவப்பிலை, ஒரு தேசிக்காய், இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்.

மீனைச் செதிள் சீவி, குடல் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தலையை விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் கத்தியால் மூன்று கீறல் போடுங்கள். அப்போதுதான் தூள் உள்ளே இறங்கும், சதையும் ஒரே மாதிரி வேகும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரமான மீன் சுடுவதற்குப் பதிலாக அவிந்துபோகும், கம்பியிலும் ஒட்டும்.

பூண்டு, இஞ்சி, கருவப்பிலையை அம்மியில் அரைத்து, தூள்களையும் உப்பையும் பாதித் தேசிப்புளியையும் எண்ணெயையும் சேர்த்துக் குழையுங்கள். கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போகும்படி பூசி இருபது நிமிடம் மூடி வையுங்கள். அதற்குள் தணல் தயாராகிவிடும்.

தணலை வெளியே போடுங்கள். லயத்துக் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கரி போட வேண்டாம். கரிப் புகையில் இருக்கும் நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. ஆளை அப்படியே தூக்கத்தில் கொண்டுபோய்விடும். முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, காய்ந்த மிலாறும் விறகும் போட்டு எரித்து, சுவாலை அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் படிகிற வரை காத்திருங்கள். சுவாலையில் பிடித்தால் மீன் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக், றெஜிபோம் எதையும் நெருப்பில் போட வேண்டாம்.

கம்பி வலை இருந்தால் நல்லது. நாகம் பூசின வேலிக் கம்பி வேண்டாம். புளியும் சூடும் பட்டால் அந்தப் பூச்சு சாப்பாட்டில் இறங்கும். கம்பி இல்லாத வீட்டில் ரொட்டி சுடுகிற கல் இருக்கிறதே, அது போதும். வாழை இலையை நெருப்பில் வாட்டி, மீனை அதில் சுற்றிக் கல்லில் வைத்தால் எண்ணெயும் மிச்சம், மீனும் காயாது.

ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். நிதானமாக நாலு எண்ணும் வரை தாங்க முடிந்தால் சூடு பதம். கம்பியில் கொஞ்சம் எண்ணெய் தடவி மீனை வையுங்கள். வைத்த பிறகு நோண்ட வேண்டாம். அடிப்பக்கம் வெந்தால் மீன் தானாகக் கம்பியை விடும். சாலயா போலச் சின்ன மீனுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிடம். கால் கிலோ திலாப்பியாவுக்கு ஆறு, ஏழு நிமிடம். தடித்த இடத்தில் கத்தி நுனியால் விலக்கிப் பாருங்கள். சதை கண்ணாடி போல் இல்லாமல் வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்து, முள்ளை விட்டு வந்தால் வெந்தது என்று அர்த்தம். கருகின தோல் இருந்தால் சுரண்டிவிட்டு, மிச்சப் பாதித் தேசிக்காயை மேலே பிழியுங்கள்.

உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று சொன்னோம். ஒரு ஆளுக்கு நாள் முழுக்க 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது ஒரு தேக்கரண்டி. நாங்கள் சொன்ன அளவில் ஐந்து பேருக்குப் பங்கு போனால் ஆளுக்கு ஒரு கிராம். சீனி உள்ளவர்களில் பலருக்குப் பிரஷரும் இருக்கிறது. அவர்களுக்குக் கருவாட்டை விடப் பச்சை மீன் நல்லது என்பதற்கும் உப்புத்தான் காரணம்.

தட்டின் மற்றப் பாதி

தட்டை மனசால் நாலாகப் பிரியுங்கள். இரண்டு பங்கு கீரையும் மரக்கறியும், ஒரு பங்கு மீன், ஒரு பங்குக்கு ஒரு சின்ன ரொட்டி அல்லது கொஞ்சம் சோறு.

மரக்கறி என்றால் நம் வாசலிலேயே இருக்கிறது. வேலியில் படர்ந்த சவ்சவ், கோவா, போஞ்சி, முள்ளங்கி, கத்தரிக்காய், தக்காளி எதுவும் ஆகும். வல்லாரையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, தேசிப்புளி சேர்த்துச் சம்பல் போட்டால் சுட்ட மீனுக்கு அதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. மருந்து தெளித்த இடத்திலும் கான் ஓரத்திலும் பறித்த கீரை மட்டும் வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுகிற கீரையை ஓடுகிற நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள்.

நம் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர மீனும் தேசிப்புளியும் உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற சாயத்தண்ணி அதைத் தடுக்கும். அதனால் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். சீனி போடுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பாருங்கள். இரண்டு கரண்டிப்படி நாளைக்கு ஐந்து கோப்பை குடித்தால் பத்துக் கரண்டி சீனி. ஒரு வாரத்துக்கு ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று என்று குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

கவனமாகக் கேளுங்கள்

இதுவரை தூங்கினவர்கள் இருந்தால் இந்த இடத்தில் எழும்ப வேண்டும்.

சீனிக்கு ஊசி போடுகிறவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், டோல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் ரொட்டியைத் திடீரென்று குறைக்கக் கூடாது. அந்த மருந்துகளின் அளவு, நீங்கள் இப்போது சாப்பிடும் சாப்பாட்டைப் பார்த்துக் கொடுத்தது. சாப்பாடு மட்டும் குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சீனி கீழே விழுந்துவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பசி எடுக்கும், பார்வை மங்கும், பேச்சுக் குழறும். அப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவு இல்லாத ஆளின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

ஆகவே முதலில் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். "டாக்டர், ராத்திரி மூணு ரொட்டிக்குப் பதிலா ஒரு ரொட்டியும் மீனும் சாப்பிடப்போறேன், குளிசைய மாத்தணுமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உங்கள் இஷ்டத்துக்குக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மீனின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் மாச்சத்தைக் குறைக்க வேண்டாம். அவர்களுக்கு அதே மீன், அதே கீரை, ரொட்டியும் சோறும் வயிறு நிறைய. ஒரே அடுப்பில் செய்ததை ஒவ்வொரு தட்டிலும் வேறு வேறு அளவில் வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சீனிக்காரருக்கு என்று தனிச் சட்டி வைக்கத் தேவை இல்லை.

சுட்ட மீன் என்றதும் சில அண்ணன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நாங்களும் கண்டோம். "பைட்" என்ற ஞாபகம் வந்திருக்கும். இந்த மீன் அதற்கு இல்லை. சீனிக் குளிசை எடுத்துவிட்டு, சோறும் சாப்பிடாமல் சாராயம் குடித்தால் இப்போது சொன்ன அதே மயக்கம் வரும். பக்கத்தில் இருக்கிறவர்கள் வெறியில் கிடக்கிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அப்படியே விடியும்போது ஆள் இருக்க மாட்டார். இது சிரிப்புக்குச் சொல்வது இல்லை.

உங்களுக்கு வரக்கூடிய கேள்விகள்

"தினம் மீன் வாங்க நாங்க எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு இரண்டு நாள் முடிந்தால் போதும். மற்ற நாளில் முட்டை, கடலை, பயறு, பருப்பு, சோயா என்று மாற்றலாம். கடலையிலும் பருப்பிலும் கொஞ்சம் மாச்சத்து இருக்கிறது. ஆனாலும் ரொட்டியை விட மெதுவாகத்தான் சீனியை ஏற்றும். சம்பளம் போட்டதும் முதல் வாரம் முழுக்க மீனும் இறைச்சியும், கடைசி வாரம் வெறும் ரொட்டியும் சம்பலும் என்று இல்லாமல், மாதம் முழுக்கப் பரவலாகப் பிரித்துக்கொண்டால் அதே காசில் இது நடக்கும்.

"டின் மீன் ஆகாதா?" ஆகும். உள்ளே இருக்கும் உப்புத் தண்ணியை வடித்துவிட்டு, மிளகும் வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்து வாழை இலையில் சுற்றி ரொட்டிக்கல்லில் வாட்டுங்கள். மேலே உப்பு போட வேண்டாம்.

"ஒரு ரொட்டியில எப்படிங்க பசி அடங்கும்?" முதல் நாலைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். மூன்றில் இருந்து நேரே ஒன்றுக்கு வர வேண்டாம். ஒரு வாரம் இரண்டு, அடுத்த வாரம் ஒன்றரை, பிறகு ஒன்று. ரொட்டியையும் மெல்லிசாகத் தட்டுங்கள். மரக்கறியை முதலில் சாப்பிட்டு, பிறகு மீன், கடைசியில் ரொட்டி என்று மாற்றிச் சாப்பிட்டால் வயிறு முன்னாலேயே நிறைந்துவிடும்.

"எனக்குச் சீனி இருக்கா இல்லையான்னே தெரியாதே?" 35 வயது தாண்டினவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்று இரண்டு தடவை வந்தால் சீனி வருத்தம் என்று முடிவு செய்வார்கள். அதற்குக் கீழே, 100க்கு மேல் என்றால் எச்சரிக்கை. அந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு இந்த ராத்திரிச் சாப்பாடு இன்னும் கூடப் பயன் தரும், வருத்தம் வராமலே தள்ளிப்போடலாம்.

கடைசியாக இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டிலாவது இதைச் செய்து பாருங்கள். தணல் போடுவதும், மீனைத் திருப்புவதும் ஆம்பளைகள் வேலையாக இருக்கட்டும். அம்மாமார் அன்றைக்குக் கொஞ்சம் உட்காரட்டும். மீனைப் பங்கு வைக்கும்போது, பெரியவர் ஒருவர் நின்று "அம்மா தட்டுல மீன் விழுந்துச்சா?" என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டாவது, சாப்பிட்டுப் படுக்கும் முன் சீனி உள்ளவரின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் பாருங்கள். சின்னக் கீறல் இருந்தாலும் அடுத்த நாளே டிஸ்பென்சரிக்கு வந்துவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, பிள்ளைகளுக்கும் தூக்கம் வந்துவிட்டது.